மலையில் மாறும் எண்: தோட்டப் பாதைகளில் டயர்க் காற்றழுத்தக் கண்காணிப்பு

கொழும்பில் 32 காட்டிய திரை நுவரெலியாவில் 29 காட்டினால், டயரில் காற்று இறங்கிவிட்டது என்றே எந்தச் சாரதியும் முதலில் நினைப்பார். ஆனால் பல வேளைகளில் டயரில் இருந்த காற்று ஒரு துளியும் வெளியேறியிருக்காது. டயர்க் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி, அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் பொருத்தப்பட்ட சிறிய உணரி அழுத்தத்தை அளந்து, வானொலி அலை மூலம் சாரதியின் முன்னுள்ள திரைக்கு அனுப்பும் ஏற்பாடு, மலையகத்தில் பயன்படும்போது சமவெளியில் எழாத இந்தக் குழப்பம் எழுகிறது. இதன் காரணத்தை அறியாமல் கருவியை வாங்கிப் பூட்டுவது, சாரதியை வீண் பதற்றத்துக்கோ அதைவிட ஆபத்தான அலட்சியத்துக்கோ கொண்டுபோய் விடும்.

இத்தகைய ஏற்பாட்டுடன் 1986ஆம் ஆண்டிலேயே போர்ஷே 959 கார் வெளிவந்தபோதிலும், அது சட்டமாக மாறியது ஒரு பெருந்துயரத்தின் பின்னரே. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து பலர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை இயற்றியது. 2007 செப்டெம்பர் முதல் அங்கு விற்பனையாகும் புதிய இலகுரக வாகனங்கள் அனைத்திலும், குறித்த அளவைவிட அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் அந்நிலைக்கு வந்தது. ஜப்பான் தன் பயணிகள் கார்களுக்கு அப்படியொரு கட்டாயம் விதிக்கவில்லை என்பதால், அங்கிருந்து பாவித்த நிலையில் இலங்கைக்கு வரும் கார்கள், வேன்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. வேண்டுமென்றால் வெளியில் வாங்கித்தான் பூட்ட வேண்டும்.

குழப்பத்தின் வேர் காற்றின் எடையில் இருக்கிறது. எரிபொருள் நிரப்பு நிலையத்தில் உள்ள அழுத்தமானி, டயருக்குள் உள்ள மொத்த அழுத்தத்தைக் காட்டுவதில்லை. அது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதையே பி.எஸ்.ஐ. அலகில், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று காட்டுகிறது. கடல் மட்டத்தில் ஏறத்தாழ 14.7 பி.எஸ்.ஐ. ஆக இருக்கும் வெளிக்காற்றழுத்தம், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 11.7 ஆகக் குறைகிறது. ஹட்டனில் இந்தக் குறைவு ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. ஆகும். ஆகவே உயரத்தை மட்டும் கணக்கில் கொண்டால் நுவரெலியாவில் மானி 3 கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் 30 பாகை வெப்பத்தில் அடித்த காற்று 12 பாகைக் குளிரில் சுருங்குவதால் ஏறத்தாழ அதே 3 குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, சாதாரண மானி மலையிலும் 32 என்றே காட்டும்.

கருவிகளுக்குள் உள்ள உணரிகள் மொத்த அழுத்தத்தை அளப்பவை. அதிலிருந்து வெளிக்காற்றின் பங்கைக் கழித்துத்தான் திரையில் எண் தோன்றுகிறது. உயரத்துக்கேற்ப அந்தப் பங்கை அளந்து கழிக்கும் கருவிகளும் உண்டு. எங்கு நின்றாலும் கடல் மட்ட அளவையே கழிக்கும் கருவிகளும் உண்டு. இரண்டாம் வகை குளிரின் குறைவை மட்டும் காட்டி, உயரத்தின் கூடுதலை விட்டுவிடுவதால் 32 என்பது 29 ஆகிறது. வாங்கிய கருவி எந்த வகை என்பதை, டயர் ஆறியிருக்கையில் நல்ல மானி ஒன்றோடு ஒப்பிட்டால் அறிந்துகொள்ளலாம்.

ஆகையால் வாகனம் இரவில் எந்த ஊரில் நிற்கிறதோ, அந்த ஊரின் விடியற்காலையே அடிப்படை அளவை எடுக்கத்தக்க நேரம். சாரதி பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் அளவுக்கு மானியைக் கொண்டு காற்றடித்து, அப்போது திரை காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப எச்சரிக்கை எல்லையை அமைக்க வேண்டும். இரண்டாம் வகைக் கருவியில், கொழும்பில் 28 என்று அமைத்த எல்லையை அப்படியே விட்டுவிட்டால், தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் தை மாதப் பனியில் காலைதோறும் ஒலி எழும். அந்த ஒலிக்குப் பழகிப்போன சாரதி, உண்மையில் ஆணி ஏறிய நாளிலும் அதைப் பொருட்படுத்தமாட்டார். அவர் கவனிக்க வேண்டியது நான்கு எண்களில் ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகுகிறதா என்பதையே. குளிரும் உயரமும் நான்கு சக்கரங்களையும் ஒருசேர மாற்றும். பஞ்சர் ஒன்றை மட்டுமே மாற்றும்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வீதியில் வாகனம் ஆயிரம் மீற்றருக்கும் மேல் கீழிறங்குகிறது. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் தட்டின் சூடு ரிம்முக்கும், ரிம்மிலிருந்து காற்றுக்கும் பரவி, முன்சக்கர எண்கள் ஏறும்; டயருக்குள் ரிம்மோடு ஒட்டியிருக்கும் வகை உணரி அந்தச் சூட்டையும் காட்டும். அப்போது செய்யத்தக்கது கியரைக் குறைத்து இறங்குவதோ, நிறுத்தி ஆறவிடுவதோ தவிர, காற்றைத் திறந்துவிடுவதன்று. சூட்டில் குறைத்த டயர் ஆறியபின் தேவையான அளவுக்குக் கீழே போய்விடும். றதெல்லையில் 2023 ஜனவரியிலும், கொத்மலை கரண்டியெல்லையில் 2025 மே மாதத்திலும் பஸ்கள் சிக்கிய கொடிய விபத்துகளை டயர்க் காற்றோடு இணைத்துப் பேசுவது தகாது. பிரேக்கையோ சாரதியின் களைப்பையோ இக்கருவி கண்காணிப்பதில்லை.

வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகிப் பூட்டும் வெளி உணரிகள் மலிவானவை, யாரும் பொருத்தக்கூடியவை. ஆனால் அவை வால்வின் ஊசியை அழுத்தித் திறந்தே வைத்திருப்பதால், அதன்பின் காற்றைத் தடுத்து நிற்பது உணரிக்குள் உள்ள சிறு றப்பர் வளையம் மட்டுமே. பூட்டியபின் சவர்க்கார நீரைத் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. கல் தெறிக்கும் தோட்டப் பாதைகளில் பழைய றப்பர் வால்வு இந்தக் கூடுதல் பாரத்தால் அடியில் வெடிக்கக்கூடும் என்பதால், உலோக வால்வுக்கு மாறுவது நல்லது. டயருக்குள் பொருத்தும் உணரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. டயர் கடையில் இரும்பு நெம்புகோலால் டயரைக் கழற்றும்போது உடைவதே அவற்றுக்கான ஆபத்து, ஆகவே உணரி இருக்கும் இடத்தை ரிம்மின் மேல் வண்ணத்தால் குறித்துவைப்பது பயனுள்ளது.

இக்கருவியைச் சுற்றுலாக் கார்களின் ஆடம்பரமாகக் கருதுவது தவறு. நகரத்திலிருந்து லயங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டியின் சிறிய டயரில் காற்றின் அளவு குறைவு என்பதால், அதே துளையால் அங்கு அழுத்தம் விரைவாக விழுகிறது. டியூப் உள்ள டயர்களாயின் வெளி உணரியே பொருந்தும். கொழுந்து லொறிகளிலும் பஸ்களிலும் தேவை இன்னும் கூடுதல். பின்புறத்தில் இரட்டையாக நிற்கும் சக்கரங்களில் உள்சக்கரம் காற்றிழந்தாலும், பக்கத்துச் சக்கரம் சுமையைத் தாங்கிக்கொள்வதால் வெளியிலிருந்து எதுவும் தெரிவதில்லை. இரண்டின் பாரத்தையும் தனித்துச் சுமக்கும் டயர் சூடேறி வெடித்த பிறகே விடயம் வெளிப்படும். அங்கு 100 பி.எஸ்.ஐ. அளவிலான அழுத்தம் இருப்பதால் காருக்கான உணரிகள் உதவா. கனரக வாகனங்களுக்கென்றே செய்த உணரிகளும், நீண்ட உடலைக் கடந்து அலை வந்துசேர நடுவில் ஓர் அலைபெருக்கியும், உள்சக்கர வால்வைக் கைக்கு எட்டச்செய்யும் நீட்டுக்குழாயும் தேவைப்படும்.