செக்ரோல் புத்தகமும் கணினி அட்டவணையும்



தோட்டத்தில் வளர்ந்த நமக்குச் செக்ரோல் புத்தகம் புதிதல்ல. பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கிராணியார் அதில் கோடு போடுவார். மாத முடிவில் அந்தக் கோடுகள்தாம் சம்பளமாகும். கணினியில் கணக்கு வைக்கும்போதும் உள்ளே இருப்பது கட்டம் போட்ட புத்தகம்தான். அதை அட்டவணை என்கிறோம். குறுக்கே போவது வரிசை. மேலிருந்து கீழே இறங்குவது பத்தி. தகவல்களைப் பல அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கும் முறையை 1970-இல் எட்கர் காட் என்பவர் ஒரு கட்டுரையில் விளக்கினார். இங்கிலாந்தில் பிறந்த அவர், அப்போது அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.

அட்டவணையை வகுப்பவர் கவனமில்லாமல் வகுத்தால் நட்டம் கணினிக்கு அல்ல, அதில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். தொழிலாளியின் விவரங்களுக்குப் பெயர், வீட்டு எண், முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்று பத்திகள் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது குழந்தை பிறந்தால் எங்கே எழுதுவது? பத்து பத்திகள் போட்டால் பிள்ளையில்லாத வீட்டுக்குப் பத்துக் கட்டமும் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே பிள்ளைகளுக்குத் தனி அட்டவணை வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. பக்கத்தில் பெற்றவரின் தொழிலாளர் எண். அவ்வளவுதான்.

எண் எதற்கு, பெயர் போதாதா என்று கேட்கலாம். இன்று ‘முனியம்மா’ என்றும் நாளை ‘முனியம்மாள்’ என்றும் எழுதினால் நமக்கு அவர் ஒருவரே, கணினிக்கோ இருவர். பெயரை ஒரே இடத்தில் எழுதி, அன்றாட வேலைப் பதிவில் எண்ணை மட்டும் குறித்தால் இந்தக் குழப்பம் இல்லை. தொழிலாளர் அட்டவணையில் இல்லாத எண்ணை வேலைப் பதிவில் ஏற்காதே என்றும் கணினிக்குக் கட்டளையிட்டு வைக்கலாம். இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுத வழியிராது.

அடுத்தது, ஒவ்வொரு பத்தியிலும் என்ன வகைத் தகவல் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

நம் நாட்டு அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அது எண்தானே என்று எண் வகையில் வைத்தால் என்ன ஆகும்? 2004 மார்ச் 15-இல் பேராக்கில் பிறந்த பிள்ளையின் அட்டை 040315-08 என்று தொடங்கும். எண்ணுக்கு முன்னால் நிற்கும் சைபரைக் கணினி மதிப்பதில்லை. 4-இல் தொடங்கிப் பதினொரு இலக்கமே மிஞ்சும். அப்பிள்ளை அட்டையைக் காட்டினாலும் பதிவோடு பொருந்தாது. அடையாள எண்ணை யாரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. கூட்டிக் கழிக்காத எண்ணை எழுத்து வகையில் வைப்பதே முறை. தொலைபேசி எண்ணும் அப்படித்தான்.

பணம் வேறு கதை. கணினியில் மிதவைப் புள்ளி என்றொரு எண்வகை உண்டு. அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கணினி பழுதாகிவிடவில்லை. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? இரண்டே இலக்கங்களால் எண்ணும் கணினிக்குப் பத்தில் ஒன்று அப்படி முடியாமல் போகிறது. ஆகவே வெள்ளிக்கும் காசுக்கும் டெசிமல் வகையே தகும். மொத்தம் 10 இலக்கம், புள்ளிக்குப் பின் 2 என்று சொல்லிவிட்டால் காசு பிசகாது.

வயதை ஒரு பத்தியாக வைப்பவர்களும் உண்டு. அடுத்த பிறந்தநாளிலேயே அது பொய்யாகிவிடும். பிறந்த தேதியைத் தேதி வகையில் வைத்தால் வயதைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும்.

பெயருக்கு இருபது எழுத்து போதும் என்று அளவு வைத்தால், தகப்பனார் பெயரும் சேர்ந்த நம் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும், அல்லது கணினி ஏற்காமல் திருப்பிவிடும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரு பத்திகள் போடுவதும் நமக்குச் சரிப்படாது. குடும்பப் பெயர் நம்மில் பலருக்கு இல்லை. அட்டையில் உள்ள முழுப்பெயரும் அடங்கும்படி நீண்ட ஒரே பத்தி வைப்பதே நல்லது. சேமநிதிப் பணம் எடுக்கப் போகும்போது பெயர் மாறியிருந்தால் அலைவது நாம்தானே!

கடைசியாக, வெறும் கட்டம். அதை ‘நல்’ என்கிறார்கள். நம் மொழியில் நல்ல சொல்லாக ஒலித்தாலும் ‘தகவல் இல்லை’ என்பதே பொருள். அது சைபர் அல்ல. இரண்டு நாள் முப்பது முப்பது கிலோ பால் எடுத்தவருக்கு மூன்றாம் நாள் மழையால் வெட்டு இல்லை. அன்று சைபர் என்று எழுதினால் அவருடைய சராசரி 20 கிலோ. கட்டத்தை வெறுமையாக விட்டால், கணினி அந்த நாளைச் சேர்க்காமல் 30 என்று சொல்லும்.