ஒரே கூரையின் கீழ்

தறி வீட்டில் இருக்கிறது. ஆயினும் நெசவு ஒருவர் வேலையன்று. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரிக்கும்பொழுது அண்டை வீட்டார் கை கொடாவிடில் இழை ஒழுங்குபடாது. கோர்வைச் சேலை நெய்வதற்குக் கரை நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். ஏரிக் கரையைக் காப்பதும் தனி ஒருவரால் ஆகாது. இவற்றை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு, நகரங்களில் பரவிவரும் பொதுப் பணிக்கூடம் என்னும் ஏற்பாடு முற்றிலும் புதுமையாகத் தோன்றாது.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்னும் கணினி வல்லுநர் இம்முறையைத் தொடங்கினார். வெவ்வேறு முதலாளிகளிடம் வேலை செய்வோரும், சொந்தத் தொழில் செய்வோரும் ஒரே கூடத்தில் மேசை, மின்சாரம், இணையத் தொடர்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதே இதன் சாரம். அவரவர் வேலை அவரவருக்கு. இடமும் செலவும் பொது.

நம் மாநிலத்தில் இதற்கு நல்ல உதாரணம், சென்னையில் குடும்பங்கள் நிறைந்து வாழும் கொளத்தூரில் 2024 நவம்பர் மாதத்தில் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’. மாணவர் படிப்பதற்கு ஒரு பகுதி, மடிக்கணினியுடன் வருவோர் வேலை செய்வதற்கு ஒரு பகுதி, உணவருந்த ஓரிடம் என அது அமைந்துள்ளது. திறக்கப்பட்டபொழுது வேலை செய்வோருக்கு அரை நாளுக்கு 50 ரூபாயும் முழு நாளுக்கு 100 ரூபாயும் கட்டணமாக வைக்கப்பட்டன.

வீட்டிலிருந்தே அவ்வேலையைச் செய்யலாகாதா என்று சிலர் கேட்கலாம். நெசவாளர் வீட்டின் முன்கூடத்தைக் குழித்தறி அடைத்துக்கொள்கிறது. தறியோசையின் நடுவே பட்டம் பெற்ற மகள் தொலைபேசியில் அலுவல் பேசுவது எங்ஙனம்? ஆகவே அவள் நகரத்தில் விடுதி தேடுகிறாள். சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போகிறது. வீட்டில் தார் சுற்ற இருந்த கையும் குறைகிறது.

கூலி நாளிலும் நூல் வழங்கும் நாளிலும் மட்டும் திறக்கப்படும் கூடங்கள் நம் சங்கங்கள் பலவற்றில் உண்டு. மற்ற நாட்களில் அவற்றை ஏன் பயன்படுத்தலாகாது? ஆனால் அமைதியான தெருவின் அமைதி கெடக்கூடாது. பேசுவதற்குத் தனி அறை வேண்டும். வண்டிகள் பிறர் வாயிலை அடைக்கலாகாது. இரவில் மூடும் நேரம் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். பெண்கள் அச்சமின்றி வந்துபோக வேண்டும்.

கணக்கும் தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், நம் உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் பொறித்த விதிகளுள் ஒன்று, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறலாகாது என்பது. பொதுச் சொத்தைக் காக்கும் வழி இதுவேயன்றோ?

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக. முதலில் நான்கு மேசைகள் போதும். பிள்ளைகள் ஊரிலேயே இருந்து உழைக்க இடம் கிடைக்குமாயின், அச்சிறு செலவு வீண்போகாது என்பது நமது துணிபு.