தோட்டத்துக்கு 12 பேர், ஏரிக்கு 6 பேர்... குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த உத்திரமேரூர்!

பழைமையான பூங்கா எது என்று கேட்டால், பலரும் ஊட்டி தாவரவியல் பூங்காவைச் சொல்வார்கள். அது 1848-ல் உருவானது. அதற்கு 900 வருடங்களுக்கு முன்பே, தோட்டங்களைக் கவனிக்கத் தனியாக ஒரு கமிட்டி வைத்திருந்தது காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர். அதன் பெயர் தோட்ட வாரியம்!

குடவோலை முறையைப் பள்ளியில் படித்திருப்போம். 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டு மாதிரி. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பரீட்சைக்கு அதோடு முடிந்துவிடும். தேர்வான 30 பேரும் என்ன வேலை பார்த்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யமே.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அதைச் சொல்கின்றன. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரியைவிடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆட்கள்! பதவி 360 நாள்களுக்கு மட்டும். இவற்றில் பெரிய பொறுப்பு சம்வத்சர வாரியம்தான். அதில் இடம்பிடிக்க, முன்பே தோட்டத்தையோ ஏரியையோ பார்த்துக்கொண்ட அனுபவம் வேண்டும். கல்வியிலும் வயதிலும் மூத்தவராகவும் இருக்க வேண்டும்.

அடுத்த விதிதான் அதிரடி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் ஓலை, அதற்குப் பிறகு குடத்துக்குள் போகவே முடியாது. அவருடைய அப்பா, பிள்ளை, மாமனார், மச்சான், மருமகன் ஓலைகளுக்கும் அதே கதிதான். தெருமுனைப் பூங்காவில் ஊஞ்சல் அறுந்து கிடந்தால் யாரிடம் சொல்வது என்றே தெரியாத நமக்கு, இதைப் படித்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அதற்காக, எல்லோருக்குமான தேர்தல் என்று நினைத்துவிட வேண்டாம். சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், வேதப் படிப்பு, 35 முதல் 70 வயது என நிபந்தனைகள் இருந்தன. வேதம் படித்த பிராமண ஆண்களின் சபை அது. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம்தான் உத்திரமேரூர். போனால் தோட்டத்தைத் தேடாதீர்கள், கல்வெட்டைத் தேடுங்கள். மூன்று தளங்களில் பெருமாள் காட்சி தரும் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலும் இதே ஊரில்தான் இருக்கிறது. நேரமிருந்தால் ஏரிக்கரைக்கும் போய் வாருங்கள். கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி அது. அந்த 6 பேரின் பொறுப்பில் இருந்தது!