செரண்டிபைட்டு

செரண்டிபைட்டு என்பது கால்சியம், மக்னீசியம், அலுமினியம், போரான் ஆகிய தனிமங்களைக் கொண்ட ஓர் அரிய சிலிக்கேட்டுக் கனிமம் ஆகும். மிகு வெப்பத்தால் உருமாறிய பாறைகளில், சுண்ணாம்புப் பாறையும் அலுமினியம் மிகுந்த பாறையும் சந்திக்கும் இடங்களில் இது உருவாகின்றது. முதன்முதலில் இலங்கையில் கண்டறியப்பட்டது.

பெயரும் கண்டுபிடிப்பும்

இலங்கையை அரேபியர் அழைத்த "செரண்டிப்" என்னும் பெயரே இக்கனிமத்துக்கு இடப்பட்டது. (எதிர்பாராத நற்பேற்றைக் குறிக்கும் "செரண்டிப்பிட்டி" என்ற ஆங்கிலச் சொல்லும் இதே பெயரிலிருந்து வந்ததுதான்.) கண்டிப் பகுதியில் அம்பக்கோட்டைக்கு அருகிலுள்ள கங்கப்பிட்டிய என்னுமிடத்தில் 1902 இல் இது கிடைத்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. டி. பிரையரும் ஆனந்த குமாரசுவாமியும் இணைந்து 1903 இல் இதனை விவரித்தனர். கலை வரலாற்றறிஞராகவே பெரிதும் அறியப்படும் ஆனந்த குமாரசுவாமி அடிப்படையில் ஒரு நிலவியலாளர் என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி. இவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத்துறையின் இயக்குநராகப் பணியாற்றினார்.

தோற்றம்

மத்திய இலங்கையின் மேட்டுநிலப் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை. இத்தகைய வெப்பத்தில் போரான் பாறையில் தங்குவதில்லை. நீர்மங்களோடும் உருகிய குழம்போடும் கலந்து வெளியேறிவிடும். எனவே கடும் வெப்பத்துக்கு உட்பட்ட பாறையில் ஒரு போரான் கனிமம் காணப்படுவதே விளக்கம் தேவைப்படும் ஒன்றாகும். சுண்ணாம்புப் பாறை கால்சியத்தையும், அதிலுள்ள டோலமைட்டு மக்னீசியத்தையும் தருகின்றன. அண்டைப் பாறையிலிருந்து அலுமினியமும் சிலிக்காவும் கிடைக்கின்றன. போரான் செறிந்த நீர்மம் இவற்றுக்கிடையே ஊடுருவினால், அதுவும் சிலிக்கா குறைவாக இருந்தால் மட்டுமே, செரண்டிபைட்டு தோன்றுகின்றது. சிலிக்கா மிகுந்தால் வேறு கனிமங்கள் உருவாகிவிடும். டயொப்சைட்டு, இசுப்பினெல், இசுக்காப்போலைட்டு முதலியன இதனுடன் காணப்படுகின்றன. பாறை குளிரும்போது சில இடங்களில் இது தூர்மலினாக மாறிவிடுவதும் உண்டு.

பண்புகள்

இது முச்சரிவுப் படிகத் தொகுதியைச் சேர்ந்தது. மோவின் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.4 முதல் 3.5 வரை. நீலம், நீலப்பச்சை நிறங்களில் காணப்படும். கருமையாகத் தோன்றுவதும் உண்டு. நீல நிறத்தால் நீலக்கல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீலக்கல் அலுமினியம் ஆக்சைடு. அதன் கடினத்தன்மை 9. நுண்ணோக்கியில் மெல்லிய சீவலைப் பார்த்தால், ஒளி செல்லும் திசைக்கேற்ப வெளிர்மஞ்சளிலிருந்து ஆழ்நீலம் வரை நிறம் மாறுவதும், அடுக்கடுக்கான இரட்டைப் படிகங்களும் புலப்படும்.

இலங்கைக் கற்களில் இத்தகைய குழப்பம் புதிதன்று. போரானைக் கொண்ட மற்றொரு கனிமமான சிங்களைட்டு, 1952 இல் தனிக் கனிமமென நிறுவப்படும் வரை பழுப்புநிறப் பெரிடோட்டு என்றே கருதப்பட்டு வந்தது.

பிற இடங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சான்சுபர்க்கிலும், கலிபோர்னியாவின் ரிவர்சைடிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. மடகாசுகர், தான்சானியா, உருசியாவின் யாக்கூத்தியா ஆகிய இடங்களிலும் கிடைக்கின்றது. பட்டை தீட்டத்தக்க தெளிவான கற்கள் மிக அரிது. இலங்கையில் கிடைத்த அத்தகைய கற்கள் ஒரு கரட்டுக்கும் குறைவானவை. மியான்மரின் மோகொக் பகுதியிலிருந்து வந்தவை பெரும்பாலும் கருமையானவை.