விளைவுக்கேற்ற கரியமில வாயுக் கணக்கு

ஒரு நிலத்தின் திறனை மொத்த மூட்டைகளைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடுவாரில்லை; ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பதே வழக்கம். கம்பெனிகள் வெளிவிடும் கரியமில வாயுவையும் இவ்வாறே அவற்றின் தொழிலளவோடு சேர்த்துக் கணக்கிடும் முறை பரவி வருகிறது. இந்தியப் பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள 1,000 கம்பெனிகள் செபி வாரியத்தின் விதிப்படி 2022-23ஆம் ஆண்டு முதல் இக்கணக்கை வெளியிடக் கடமைப்பட்டுள்ளன. விளைபொருளை வாங்கும் கம்பெனிகள் குடியானவர்களிடமும் விவரம் கேட்கக்கூடுமாதலால், இதனை அறிந்திருத்தல் அவசியம்.

கணக்கிடும் முறை

வெளியீடுகள் மூவகைப்படும். கம்பெனி தானே எரிக்கும் டீசல், நிலக்கரி முதலியவற்றால் உண்டாவது முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரத்தைச் சார்ந்தது இரண்டாம் வகை. வாங்கும் சரக்கு, போக்குவரத்து முதலியவற்றைச் சார்ந்தது மூன்றாம் வகை. நம் வயல்கள் இதில் அடங்கும். வெளியீட்டை உற்பத்தி டன்னாலோ விற்பனை ரூபாயாலோ வகுத்தால் விகிதம் கிடைக்கும்.

உதாரணமாக, ஒரு நெல் ஆலை ஓராண்டில் 10,000 லிட்டர் டீசலும் 1,00,000 யூனிட் மின்சாரமும் செலவிட்டு 4,000 டன் நெல் அரைத்ததாகக் கொள்வோம். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ வீதம் 27,000 கிலோ. மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வீதம் 70,000 கிலோ; ஆக 97,000 கிலோ. டன்னுக்கு 24.25 கிலோ ஆகிறது. மறு ஆண்டு 5,000 டன் அரைத்து 1,10,000 கிலோ வெளியிட்டால், டன்னுக்கு 22 கிலோவே.

கவனிக்க வேண்டியவை

விகிதம் குறைந்த போதிலும் மொத்த வெளியீடு 13,000 கிலோ கூடியிருப்பதைக் காண்க. ஆகையால் இரண்டையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். மேலும், ரூபாய்க் கணக்கில் அரிசி விலை ஏறினாலே விகிதம் இறங்கிவிடும், அது சீர்திருத்தமாகாது. டன் கணக்கே நம்பத்தக்கது. அரிசியைப் பொறுத்தவரை ஆலையைக் காட்டிலும் வயலிலேயே வெளியீடு மிகுதியாதலால், மூன்றாம் வகையை விட்ட கணக்கு குறையுள்ளதாம்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

எப்பொழுதும் நீர் தேங்கும் நெல் வயலில் மீதேன் வாயு உண்டாகிறது. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால், மீதேன் ஏறத்தாழப் பாதி வரை குறையும். பூக்குந் தருணத்தில் மாத்திரம் நீர் குறையலாகாது.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்று வயலில் கரைகையில் சுமார் 33 கிலோ கரியமில வாயு வெளிப்படும். அன்றியும், தழைச்சத்தின் ஒரு பகுதி அதனினும் சுமார் 270 மடங்கு வெப்பந்தரும் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறும். ஆயினும் உரத்தை அளவுக்கு மிஞ்சிக் குறைத்து மகசூலை இழந்தால் விகிதம் ஏறிவிடும். மண் பரிசோதனைப்படி இடுவதே தக்கது.

டீசல், மின்சாரம், உர மூட்டை, பாய்ச்சிய நாள், மகசூல் ஆகிய ஐந்தையும் போகந்தோறும் குறித்து வைத்தல் நலம். குடியானவன் உழைப்பால் வந்த குறைவைக் கம்பெனி தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாயின், அதற்குரிய பிரதிபலன் யாருக்கு என்பதைக் கையொப்பமிடுமுன் எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தை விளக்கிக் கூறுவது பேருதவியாகும்.