‘இந்துலேகா’: காதலும் கல்விச் செலவும்

ஒய்யாரத்து சந்துமேனோன் (1847–1899) எழுதிய ‘இந்துலேகா’ 1889ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே டபிள்யூ. டூமர்க் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மலையாள நாவல் வரலாற்றில் இது காதற்கதையாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும், இக்காதலுக்குத் தடையாக வந்து நிற்பது கல்விக்கான பணம் பற்றிய பூசலேயாகும். அப்பூசலின் தன்மையையும், அதனைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சிலவற்றையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இந்நாவலின் தோற்றமே மொழிபெயர்ப்போடு தொடர்புடையது. டிஸ்ரேலியின் ‘ஹென்ரியட்டா டெம்பிள்’ (1837) என்னும் காதல் நாவலை மலையாளத்தில் தர முயன்ற சந்துமேனோன், அம்முயற்சி நிறைவு தராமையால் அதனைக் கைவிட்டுத் தம் மண்ணிலிருந்தே ஒரு கதையைப் படைத்தார். கதையின் சூழலைத் தம் நாட்டில் தேடியபோது, காதலுக்கு இடையூறாக நிற்பதையும் அவர் அங்கேயே கண்டார் எனலாம்.

கதை ஒரு சச்சரவுடன் தொடங்குகிறது. சென்னையில் உயர்கல்வி பெற்ற மாதவன், தன் தறவாட்டைச் சேர்ந்த சின்னன் என்னும் சிறுவனுக்கு ஆங்கிலக் கல்வி அளிக்க வேண்டும் எனக் காரணவரான பஞ்சுமேனோனிடம் வற்புறுத்துகிறான். அவர் மறுக்கிறார். மாதவன் தானே அவனைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல முனைகிறான். சினமுற்ற பஞ்சுமேனோன், தம் மகளின் மகளான இந்துலேகாவை மாதவனுக்குக் கொடுப்பதில்லை எனச் சத்தியம் செய்கிறார்.

இச்சச்சரவின் பொருளை உணர, மருமக்கள்தாய முறையை நினைவில் கொள்ளுதல் வேண்டும். தறவாட்டுச் சொத்து அனைவர்க்கும் பொது. அதனை ஆள்பவர் காரணவர். தனியொரு உறுப்பினர் தம் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்க இயலாது; பராமரிப்பை மட்டுமே கோரலாம். பாகப்பிரிவினை உரிமை 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தது. எனவே, ஆங்கிலக் கல்வி பராமரிப்பில் அடங்குமா, அன்றிக் காரணவரின் கருணையைப் பொறுத்ததா என்பதே மாதவன் எழுப்பும் வினாவின் உட்பொருள். முன்சீபாகப் பணியாற்றிய ஆசிரியர்க்கு இத்தகைய உரிமைச் சிக்கல்கள் அயலானவை அல்ல.

இதே வினா அக்காலத்தில் அரசின் அளவிலும் எழுந்திருந்தது. 1854ஆம் ஆண்டு உட்ஸ் அறிக்கை உதவித்தொகை முறையை முன்வைத்தது. 1882ஆம் ஆண்டு ஹண்டர் குழு, தொடக்கக் கல்விக்கு முதன்மை அளித்து, உயர்கல்வி நிறுவனங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து அரசு படிப்படியாக விலகலாம் எனப் பரிந்துரைத்தது. பொதுப்பணத்தைக் கொண்டு எவரை, எந்த அளவு படிப்பிப்பது என்னும் இவ்வழக்கின் சிறு வடிவமே தறவாட்டுச் சச்சரவு எனக் கொள்ளலாம்.

இந்துலேகாவின் கல்வி இதற்கு மாறானது. அவள் ஆங்கிலமும் வடமொழியும் இசையும் கற்றவள். ஆயினும், அக்கல்வி உயர்பதவியில் இருந்த அவளுடைய மாமனின் அன்பால் கிட்டியது. உரிமையாகக் கேட்டுப் பெற்றதன்று. சின்னனுக்காக மாதவன் கேட்பதோ உரிமை. பெண்கல்வியை வற்புறுத்தும் இந்நாவலில் பெண்ணின் கல்விக்குப் பொதுப்பணம் கோரும் குரல் எழாமை குறிப்பிடத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, சொற்பொருள் வேறுபாடு. தமிழில் ‘மருமகன்’ என்றவுடன் மகளின் கணவன் என்னும் பொருளே முதலில் தோன்றும். இக்கதைச் சூழலில் அது உடன்பிறந்தாள் வழிவரும் உரிமையாளனைக் குறிக்கும். ‘சம்பந்தம்’ என்பதும் அத்தகையதே. சம்பந்தத்தைச் சட்டமுறைத் திருமணமாகக் கொள்வது பற்றி ஆராய, நீதிபதி தி. முத்துசாமி ஐயர் தலைமையில் 1891இல் அமைந்த குழுவில் சந்துமேனோனும் இடம்பெற்றார். தமிழில் இச்சொல்லை விளக்கமின்றி இட்டால் அவ்வழக்கின் சுவடே மறைந்துவிடும்.

இரண்டாவது, வினைமுற்று. மலையாள வினைமுற்று பால், எண், இடம் காட்டுவதில்லை. தமிழ் வினைமுற்று காட்டும். ‘வந்நு’ என்பதை வந்தான், வந்தார் என ஏதேனும் ஒன்றாக்கியே தீர வேண்டும். மூத்தவரை எதிர்த்துப் பேசும் உரிமையே வழக்காகிவிட்ட இக்கதையில், பஞ்சுமேனோனுக்கு ‘ஆர்’ ஈறும் மாதவனுக்கு ‘ஆன்’ ஈறும் இடும்போது, மூலத்தின் வினைமுற்றில் இல்லாத ஏற்றத்தாழ்வு மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு வாக்கியத்திலும் பதிந்துவிடுகிறது. மாதவனுக்கும் ‘ஆர்’ இட்டால் அவனுடைய இளமை மறைகிறது. இரண்டில் எதனை ஏற்பினும் அது அறிந்து செய்த தேர்வாக இருத்தல் நலம்.

மூன்றாவது, ‘இங்கிலீஷ்’ என்னும் சொல். அது மொழியை மட்டுமன்றி வேலை, சமயம், ஒழுக்கம் குறித்த அச்சங்களையும் ஒருங்கே சுட்டுகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தின் நெடிய விவாதமே இதற்குச் சான்று. அதனைக் கதைக்குப் புறம்பானதெனச் சுருக்கிவிட்டால், காதலைத் தடுத்தது எது என்பதும் உடன் மறைந்துவிடும்.

இறுதியில் பஞ்சுமேனோன் தம் சத்தியத்திற்குப் பரிகாரம் செய்து திருமணத்திற்கு இசைகிறார். எனினும், காதலர் இணைந்த பின்னர் அவர்களின் வாழ்வு சென்னையை நோக்கிச் செல்கிறதே அன்றித் தறவாட்டின் விதி மாறுவதில்லை. சத்தியத்திற்குப் பரிகாரம் உண்டு. சின்னனுக்கு வழங்க மறுத்த உரிமைக்குப் பரிகாரம் கூறப்படவில்லை. இவ்வேறுபாட்டை வாசகர் உணருமாறு தருவதே நல்ல மொழிபெயர்ப்பின் கடமை எனலாம்.