நிறமில்லாத சாயம்

‘டை போட்டுப் பார்க்கணும்’ என்று டாக்டர் சொன்னால் திருப்பூர்க்காரருக்கு முதலில் சாயப்பட்டறைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆஞ்சியோகிராமுக்காக ரத்தக்குழாயில் ஏற்றும் அந்த மருந்து தண்ணீர் போலத் தெளிவானது. அதிலுள்ள அயோடின் எக்ஸ்ரே கதிரை மறிப்பதால் குழாய் படத்தில் தனித்துத் தெரிகிறது. 1927-இல் போர்ச்சுகலின் ஏகாஸ் மோனிஸ் மூளையின் ரத்தக்குழாய்களைப் படம்பிடித்ததும் அயோடின் உப்பைச் செலுத்தித்தான்.

வேலை முடிந்ததும் இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முன்பு நினைத்ததைவிட ஆபத்து குறைவு என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சர்க்கரை முற்றிக் கால்விரல் கறுத்து வருபவருக்குத்தான் அடைப்பு எங்கே என்று உடனே பார்த்தாக வேண்டும். பல நேரம் அவருடைய சிறுநீரகமும் அதே சர்க்கரையால் கெட்டிருக்கும். காலைக் காப்பாற்றப்போய்ச் சிறுநீரகத்தை இழப்பதா?

இங்கே உதவிக்கு வருவது நாம் வெளியே விடும் மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு. 1971-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இர்வின் ஹாக்கின்ஸ் என்ற மருத்துவர், நோயாளி ஒருவரின் வயிற்று ரத்தக்குழாயில் மருந்துக்குப் பதிலாகத் தவறுதலாகக் காற்றைச் செலுத்திவிட்டார். நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. அந்தத் தவறே கரியமில வாயுவைப் பயன்படுத்தும் யோசனையைத் தந்தது. காற்றைவிடக் கரியமில வாயு பாதுகாப்பானது, ஏனென்றால் ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கு மேல் ரத்தத்தில் கரையும், நுரையீரலை எட்டியதும் மூச்சோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை, ஒவ்வாமையும் கிடையாது. ரத்தத்தைத் தள்ளிவிட்டு வாயு நிற்கும் இடத்தில் எக்ஸ்ரே எளிதாகப் பாயும். அந்த மெல்லிய வேறுபாட்டைக் கணினி துலக்கிக் காட்டும். இடுப்புக்கும் தொடைக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. பாதத்தின் நுண்குழாய்களில் வாயு துண்டு துண்டாக உடைந்து படம் தெளியாமல் போகலாம். இதயம், மூளையின் தமனிகளுக்கு இது கூடவே கூடாது. வாயுக்குமிழி அங்கே ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் பயன்படும் கேடோலினியம் இன்னொரு வழி. சிறுநீரகம் அறவே செயலிழந்த சிலருக்கு அதன் பழைய வகைகள் தோலை இறுகவைத்தது 2006-இல் தெரியவந்ததால் கவனம் தேவை. எதையும் ஏற்றாமல், ஓடும் ரத்தத்தையே படமாக்கும் எம்.ஆர்.ஐ. முறைகளும் இருக்கின்றன.

பனியன் கம்பெனிகளில் நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கும் பெண்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைத்தால், கலர் டாப்ளர் ஸ்கேனே போதும். ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியலை, ரத்தம் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடும். ஊசியும் இல்லை, கதிரும் இல்லை. கால் தமனி அடைப்புக்கும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

உடலை விட்டு வெளியேறிய அயோடின் மருந்து எங்கே போகிறது? கழிவுநீர் நிலையங்களில் அது பெரும்பாலும் சிதைவதில்லை. ஐரோப்பிய ஆறுகளில் கண்டறிந்திருக்கிறார்கள். துணி ஏற்காத சாயமும் உப்பும் நொய்யல் ஆற்றை என்ன செய்தன என்று திருப்பூருக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை ஊர் மறக்கவில்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சில மருத்துவமனைகள், ஸ்கேன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் சிறுநீரைச் சேகரிக்கத் தனிப் பைகளைக் கொடுத்தனுப்பிப் பார்த்திருக்கின்றன.